சந்தனம் காய்ந்த பெட்டிகள்

அந்தக் காலத்தில் வீட்டுச் சாமான்கள் எல்லாம் வாய் திறந்து பேசும். டிவி பேசும், கம்ப்யூட்டர் பேசும், போன் சார்ஜர்கூடப் பேசும். பேச்சு மட்டுமா, பொய்யும் கூசாமல் சொல்லும். அப்போது சுவரில் வெறும் துளைதான் இருந்தது. வயரைச் செருகினால் செருகியதுதான், எடுப்பது கிடையாது. பந்தியில் உட்கார்ந்தவரைக் கையைப் பிடித்து எழுப்புவது எவ்வளவு பெரிய பாவமோ, செருகிய வயரைப் பிடுங்குவதும் அவ்வளவு பாவம் என்று ஊரே நம்பியது. ரிமோட்டை அழுத்தினால் டிவி கண்ணை மூடிக்கொள்ளும். தூங்கிவிட்டது என்று மனிதர்களும் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அப்படியொரு காலத்தில், மலையடிவாரத்தில் இருபது வீடுள்ள ஓர் ஊரில் பேச்சித்தாய் என்று ஒருத்தி இருந்தாள். பிடித்த பிடியை விடாதவள். அவள் வீட்டுக் கூரைமேல் சூரியத் தகடு ஒன்று, கூடத்தில் பேட்டரி ஒன்று. பகலில் வெயில் தருவதைப் பேட்டரி வாங்கி வைத்து வீட்டுக்குப் படியளக்கும்.

அந்த வருஷம் ஊர்க் கோழிகளுக்குக் கழிச்சல் நோய் வந்தது. ஒரே வாரத்தில் ஊரில் சேவல் கூவுவது நின்றுபோனது. பேச்சித்தாயின் அடைக்கோழி ஒன்றுதான் தப்பியது. அதையும் ஒரு கீரி தூக்கிக்கொண்டு போய்விட்டது. கூடைக்குள் பதினொரு முட்டைகள் இன்னும் சூடு ஆறாமல் கிடந்தன.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. மரப்பெட்டியில் உமியைப் பரப்பி முட்டைகளை அடுக்கினாள். மேலே ஒரு பல்பை எரியவிட்டாள்.

"இருபத்தோரு நாளைக்கு இந்தப் பல்பு அணையக் கூடாது. அணைஞ்சா இந்த ஊருல கோழின்னு ஒண்ணு கிடையாது" என்று புருஷன் சுடலைமுத்துவிடம் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் மூன்று வேளை முட்டைகளைத் திருப்பிவைத்தாள்.

பதினெட்டாம் நாள் ஆயுத பூஜை வந்தது. இரண்டு நாளாக வானம் மூடிக் கிடந்தது, சூரியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"யம்மா, வெயில் வார வரைக்கும் எங்கிட்ட இருக்கது இவ்வளவுதான்" என்றது பேட்டரி. "பல்பு ஒண்ணுக்குன்னா நாலு நாள் தாங்கும். வேற யாரும் வாய் வைக்கக் கூடாது."

"இன்னைக்கு ஆயுத பூஜைல்லா? ஒருத்தருக்கும் வேலை கிடையாது. நீ பயப்படாத" என்றாள் பேச்சித்தாய்.

ஆயுத பூஜை அன்று உழைக்கிற சாமான்களுக்கு ஓய்வு. அவள் அரிவாளையும் மண்வெட்டியையும் கழுவினாள், தையல் மிஷினைத் துடைத்தாள். டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் சார்ஜருக்கும் தூசி தட்டினாள். எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தாள். "எல்லாரும் நல்லாத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டுச் சமைக்கப் போனாள்.

மத்தியானம் பேட்டரி முனகியது. "யம்மா, பாதி போயிட்டு. இனி ரெண்டு நாள்தான் தாங்கும்."

பேச்சித்தாய் கரண்டியோடு ஓடிவந்தாள். "யாருல குடிச்சது?" என்று கூடத்தில் நின்று சத்தம் போட்டாள்.

"நான் தூங்குதேன் யம்மா" என்றது டிவி. தூங்குகிறவன் பதில் சொல்வானா என்று அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"அடியேன் நித்திரையில் இருக்கிறேன்" என்றது கம்ப்யூட்டர். படித்த சாமான் என்ற நினைப்பு அதற்கு எப்போதும் உண்டு.

"எங்கிட்ட போனே இல்லையே, நான் எதுக்குக் குடிக்கப் போறேன்?" என்றது சார்ஜர்.

சுடலைமுத்து குறுக்கே வந்தான். "ஏட்டி, பேட்டரி பழசாயிட்டு, வேற ஒண்ணுமில்ல. விடு. சந்தையில குஞ்சு வாங்கிக்கிடலாம்."

"எந்தச் சந்தையில? சுத்துப்பட்டு எல்லாம் செத்துக் கிடக்கு. இந்தப் பதினொண்ணுதான் மிச்சம். விடச் சொல்லாதீங்க."

அவள் கூடத்தின் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கண்டுபிடிக்காமல் கூடத்தை விட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். வெளியே தூறல். காற்றெல்லாம் ஈரம். பிறகு எழுந்து ஒவ்வொரு சாமானாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அரிவாளைத் தொட்டாள், காலையில் பூசிய சந்தனம் விரலில் ஒட்டியது. மண்வெட்டியிலும் ஈரம். தையல் மிஷினிலும் ஈரம். டிவியைத் தொட்டபோது சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். சார்ஜரில் பூசியது காய்ந்து வெடித்தே போயிருந்தது.

உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மூன்றும் வெதுவெதுவென்று இருந்தன.

"தூங்குன உடம்புல சூடு எங்கேருந்துல வந்துச்சு?"

 டிவிதான் முதலில் வாயைத் திறந்தது. "நீங்கதான யம்மா சொன்னீங்க, பட்டனை அமுக்குன உடனே எந்திரிக்கணும்னு? ஒரு காதைத் திறந்து வச்சாத்தான் நீங்க கூப்பிடுறது கேக்கும். முழிச்சிருக்க காதுக்குப் பசிக்கும்லா?"

"நான் மணியை எண்ணிக்கிட்டே இருக்கணும்லா?" என்றது கம்ப்யூட்டர். பயத்தில் அதன் படிப்பெல்லாம் போய்விட்டது.

"போன் போன பொறவு நான் வாயை எடுக்க மறந்துட்டேன். சொட்டுச் சொட்டாத்தான் குடிச்சேன்" என்றது சார்ஜர்.

பேச்சித்தாய்க்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதுதான் அது. எழுந்து நாலு எட்டு நடக்கச் சோம்பல்பட்டு, படுத்த இடத்திலிருந்தே பட்டனை அமுக்கிப் பழகியவள் அவள்தான். அந்தச் சோம்பலுக்கு இந்த முட்டைகளையா கொடுப்பது? அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. நேராகப் போய் டிவி வயரைப் பிடித்தாள்.

"ஏட்டி, பூஜை நாளும் அதுவுமா பந்தியில இருந்து எழுப்பாத!" என்று பதறினான் சுடலைமுத்து.

"சாப்பிட்டு முடிச்சும் இலையை மூடாம உக்காந்திருக்கவனை எழுப்பலாம். அங்க பதினோரு பிள்ளைக பசியோட இருக்கு" என்று சொல்லி வெடுக்கென்று பிடுங்கினாள். அடுத்து சார்ஜர். அடுத்து கம்ப்யூட்டர்.

உண்மையான தூக்கம் வந்து அமுக்கும்போது கம்ப்யூட்டர் கடுப்போடு சொன்னது: "இனி நீங்க கூப்பிட்ட உடனே வர மாட்டேன். சோம்பல் முறிச்சு, மூஞ்சி கழுவி, மெள்ளத்தான் வருவேன்."

"மெள்ளவே வா. நான் காத்திருக்கேன்."

அதற்குப் பிறகு பல்பு மட்டும்தான் எரிந்தது. வீட்டில் பாட்டு இல்லை, படம் இல்லை. மழை விடவில்லை. இரண்டு நாள் என்று சொல்லியிருந்த பேட்டரி பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் நாளையும் தொட்டது. இருபத்தோராம் நாள் காலையில் பெட்டிக்குள் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. ஒரு முட்டையில் ஓட்டை விழுந்தது. பொழுது சாய்வதற்குள் ஒன்பது குஞ்சுகள் உமியில் தள்ளாடி நின்று கத்தின. இரண்டு முட்டை மட்டும் கூமுட்டையாகிவிட்டன. பேச்சித்தாய் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

வெயில் திரும்பியதும் சுடலைமுத்துவே உளியை எடுத்தான். ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் விரலால் தட்டித் திறந்து மூடுகிற மாதிரி ஒரு சின்னக் கதவு வைத்தான். பேச்சித்தாய் வயர்களைத் திரும்பச் செருகினாள்.

"இனி உங்களைப் பிடிச்சு இழுக்க மாட்டேன். கதவை மூடுனா நீங்க தூங்கணும். கதவைத் திறந்து போட்டுட்டு நான் போயிட்டா, அது என் தப்பு, குடிச்சுக்கிடுங்க. ஆனா ஒளிச்சுக் குடிக்கக் கூடாது. குடிக்கும்போது நெத்தியில இருக்க இந்தப் பொட்டு எரியணும், நான் பாக்கணும்."

பொய் சொல்லி மாட்டிய வெட்கத்தில் அவை சரி என்றுகூடச் சொல்லவில்லை. அதோடு அவற்றின் பேச்சும் நின்றது.

அன்று முதல்தான் நம் வீட்டுச் சுவர்களில் துளைக்குத் துளை ஒரு சுவிட்சு இருக்கிறது, கம்ப்யூட்டரும் எழுப்பினால் ஆற அமரத்தான் எழுந்து வருகிறது. ரிமோட்டை மட்டும் அமுக்கிவிட்டு நாம் படுத்துக்கொண்டால், டிவியின் நெற்றியில் பேச்சித்தாய் வைத்த பொட்டு, நாலு எட்டு நடக்க மாட்டாயா என்று நம்மைப் பார்த்துச் சிவப்பாக எரிகிறது.