கோரையன் வீட்டுக் கல்யாணமும் தொங்குபாலமும்

ஒரு காட்டில், கடலும் ஆறும் சேருகிற கழிமுகத்துக்கு மேலே, ஒரு கல்யாண ஊர்வலம் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

ஆடியது என்றால் சும்மா இலை ஆடுகிற மாதிரி இல்லை. தொங்குபாலம் இந்தப் பக்கம் சாய்ந்தால் அதன்மேல் நின்ற பன்றிகள் எல்லாம் கடலைப் பார்த்தன. அந்தப் பக்கம் சாய்ந்தால் எல்லாம் ஆற்றைப் பார்த்தன.

“இடது! வலது! இடது! வலது!” என்று முன்னால் கத்திக்கொண்டு போனது கோரையன் என்ற பெரிய காட்டுப்பன்றி. அதுதான் மாப்பிள்ளையின் அப்பா. பிடிவாதம் அதற்குக் கோரைப்பல்லைவிட நீளம்.

பின்னால் வந்த மாப்பிள்ளையின் பெயர் வண்டலன். கறுப்புப் பன்றிக்கு முகம் வெளுக்குமென்றால் அதற்கு அப்போது வெளுத்திருக்கும்.

“அப்பா, பாலம் ஆடுதுப்பா!”

“கல்யாணம்னா நாலு பேர் ஆடத்தான் செய்வாங்க. பாலமும் ஆடிட்டுப் போகுது. நீ காலைப் பார்த்து வை! அக்கரையில சம்பந்தி பார்த்துக்கிட்டு நிக்கிறார்.”

முன்வரிசையில் இரண்டு பன்றிகள் ஒரு பொந்துக் கட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தன. அதன்மேல் உட்கார்ந்து மரங்கொத்தி அலகால் தாளம் போட்டது. டொக்! எல்லா இடது காலும் விழுந்தன. டொக்! எல்லா வலது காலும் விழுந்தன.

கீழே தண்ணீரிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஆகா, ஆகா! இது தாளம்! தம்பி மரங்கொத்தி, இன்னும் கொஞ்சம் பலமா அடிப்பா!”

சொன்னது முதலை.

அந்த முதலைக்கு இந்தப் பாலத்தின் மேல் ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்லிவிடுகிறேன்.

பாலம் வருவதற்கு முன்னால் புன்னைக்கரையிலிருந்து தாழைக்கரைக்குப் போக ஒரே வழி முதலையின் முதுகுதான். ஏறச் சொல்லும்போது ரொம்ப மரியாதையாகச் சொல்லும். ஆனால் இக்கரையில் எத்தனை பேர் ஏறினாலும் அக்கரையில் ஒருவர் குறைவாகத்தான் இறங்குவார்கள். கேட்டால், “அவருக்கு வழியில வேற வேலை வந்துடுச்சு” என்று சொல்லும்.

இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன தூக்கணாங்குருவி ஒருநாள் ஒரே ஒரு நாரை அலகில் கவ்விக்கொண்டு அக்கரைக்குப் பறந்தது. அந்த நாரின் நுனியில் மெல்லிய கொடியைக் கட்டி எலிகள் இழுத்தன. கொடியின் நுனியில் தடித்த கொடியைக் கட்டிக் குரங்குகள் இழுத்தன. அதன் நுனியில் இன்னும் தடித்த கொடியைக் கட்டி யானை இழுத்தது. இரண்டு கரையிலும் புன்னைமரங்களில் இறுக்கிக் கட்டி, கொடிகளிலிருந்து சின்னக் கயிறுகளைத் தொங்கவிட்டு, அவற்றில் மூங்கிலை அடுக்கினார்கள். பாலம் தயார். யானை மட்டும், “இழுத்ததே போதும், நான் ஏறலை” என்று நேர்மையாகச் சொல்லிவிட்டது.

குருவி ஒரே ஒரு விதி போட்டது. “பாலத்துல அவங்கவங்க நடையில போங்க. எல்லாரும் ஒரே நேரத்துல கால் வைக்காதீங்க. ஊஞ்சலை நேரம் பார்த்து உந்தினா என்ன ஆகும்? மேல மேல போகும். பாலமும் அப்படித்தான்.”

யாருக்கும் அந்த விதி சிரமமாக இல்லை. முயல் குதிக்கும், ஆமை நகரும், குரங்கு கைப்பிடிக் கயிற்றிலேயே போய்விடும். இவர்கள் நினைத்தாலும் சேர்ந்து கால் வைக்க முடியாது.

கோரையன்தான் நினைத்தது. தாழைக்கரையில் பெண் எடுக்கிறோம், மாப்பிள்ளை வீட்டார் வருகிற வரவைப் பார்த்துச் சம்பந்தி வாயைப் பிளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது. மழைக்காலம் முழுக்கச் சேற்றில் நிறுத்தி எல்லாப் பன்றிகளையும் ஒரே நேரத்தில் ஒரே பக்கக் காலை வைத்து நடக்கப் பழக்கியது. தாளத்துக்கு ஆள் வேண்டுமே? மரங்கொத்தியைக் கூப்பிட்டது.

மரங்கொத்தி உடனே வந்துவிட்டது. பாவம், அது பிறந்ததிலிருந்து தட்டுகிறது. கேட்டவர்கள் எல்லோரும் “தலை வலிக்குது, சும்மா இரு” என்றே சொல்லியிருந்தார்கள். இப்போதுதான் முதல்முறையாக ஒருவர் “அடி” என்று சொல்கிறார். போதாததற்குக் கீழேயிருந்து வேறு “ஆகா” என்று சத்தம் வருகிறது. விடுமா?

டொக்! டொக்! டொக்!

பட் என்று ஒரு தொங்குகயிறு அறுந்தது. ஒரு பன்றியின் பின்கால் மூங்கில் சந்தில் இறங்கியது. அது அலறிக்கொண்டே காலை உருவியெடுத்து, தாளம் தப்பாமல் அடுத்த அடியை வைத்தது. அவ்வளவு பழக்கம்!

குருவி பதறிக்கொண்டு பறந்து வந்தது. “கோரையா, நிறுத்துய்யா! பாலம் போயிடும்!”

“பாதியில நிறுத்தினா நாலு பேர் சிரிப்பாங்க.”

“தண்ணியில விழுந்தா?”

“விழுந்தாலும் வரிசையா விழுவோம்!” என்றது கோரையன்.

“அதானே! வரிசையா விழுந்தா எவ்வளவு அழகா இருக்கும்!” என்றது முதலை கீழேயிருந்து. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, “விழ மாட்டீங்க, பேச்சுக்குச் சொன்னேன். நீ அடி தம்பி, நீ அடி!” என்றது.

இன்னொரு கயிறு அறுந்தது.

வண்டலன் கட்டைக்குப் பக்கத்தில் எப்படியோ வந்து சேர்ந்தது. “அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்கண்ணே.”

“உங்க அப்பா அடிக்கச் சொல்றாரே தம்பி. கீழ இருக்கிறவரும் எவ்வளவு ரசிக்கிறார் பாரு” என்றது மரங்கொத்தி, தட்டிக்கொண்டே.

“உங்களுக்கென்ன! பாலம் அறுந்தா நீங்க பறந்துடுவீங்க. நாங்க எங்கே போறது?”

மரங்கொத்திக்குச் சுருக்கென்றது. பாலத்தில் ஏறியதிலிருந்து அது கட்டையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதுதான் முதல்முறையாகக் குனிந்து கீழே பார்த்தது.

பாலம் இடது பக்கம் சாய்ந்தபோது முதலை இடது பக்கம் நகர்ந்தது. வலது பக்கம் சாய்ந்தபோது வலது பக்கம் நகர்ந்தது. வாய் மட்டும் நகரவில்லை. திறந்தபடியே இருந்தது.

“ரசிக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வாய்?” என்று மரங்கொத்தி முணுமுணுத்தது. அலகைத் தூக்கியது. தூக்கினது தூக்கினபடியே நின்றது.

டொக் வரவில்லை.

தூக்கிய கால்கள் எங்கே விழுவது என்று தெரியாமல் குழம்பின. ஒரு பன்றி வலது காலை வைத்தது, பக்கத்துப் பன்றி இடது காலை வைத்தது, பின்னால் வந்தது இரண்டையும் சேர்த்து வைத்து முன்னால் போனதன் மேலேயே ஏறியது. “யோவ், என் வாலு!” “உன் வாலை நீ பார்த்துக்கக் கூடாதா?” “பெரியம்மா, நகருங்க!” ஒரே இடி, ஒரே தள்ளு. கோரையன் “இடது! வலது!” என்று கத்திப் பார்த்தது. அந்த இரைச்சலில் அது யார் காதிலும் ஏறவில்லை.

ஆனால் பாலத்தின் ஆட்டம் குறைந்தது. ஒரு பக்கம் தள்ளுகிற காலை இன்னொரு பக்கம் தள்ளுகிற கால் அடக்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மூங்கில்கள் கிறீச்சிடுவதும் நின்றது. பன்றிகள் உருண்டும் புரண்டும், ஒன்றன் மேல் ஒன்று விழுந்தும், ஒன்றுகூடக் குறையாமல் தாழைக்கரையில் போய் இறங்கின.

முதலை வாயை மூடிக்கொண்டது. “தாளம் போச்சே” என்று ஒரு பெருமூச்சு விட்டது.

சம்பந்திப் பன்றி சிரிப்பை அடக்க முடியாமல் முன்னால் வந்தது. “வாங்க சம்பந்தி, வாங்க! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உருண்டுக்கிட்டே வர்ற அழகை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். உள்ளே வாங்க, கிழங்கு சூடா இருக்கு.”

பெண் வீட்டார் எல்லோரும் சிரித்தார்கள். மணப்பெண்ணும்கூடச் சிரித்தது. வண்டலனும் சேர்ந்து சிரித்துவிட்டது. உயிரோடு இருக்கிற சந்தோஷம்.

கோரையனுக்கு மட்டும் காது வரை சூடு ஏறியது. மழைக்காலம் முழுக்கப் பழகியது இதற்காகவா?

“திரும்புங்க எல்லாரும்!” என்று உறுமியது. “இது செல்லாது! அக்கரைக்குப் போறோம், முதல்லேர்ந்து வர்றோம். ஒழுங்கா, வரிசையா, ஒரே தாளமா!”

“அப்பா!”

“வாயை மூடு. மானம் போச்சுடா!”

பழக்கதோஷம், பன்றிகள் திரும்பவும் வரிசையில் நிற்கத் தொடங்கின. பொந்துக் கட்டையையும் இரண்டு பன்றிகள் தூக்கிக்கொண்டன. தண்ணீருக்குள் போயிருந்த முதலை இதைக் கேட்டு மறுபடியும் மேலே வந்தது. அறுந்த கயிறுகளுக்கு நேர் கீழே போய், வசதியாக இடம் பார்த்துப் படுத்தது.

“தம்பி, உன் தாளத்துக்காகத்தான் காத்திருக்கேன். காடே காத்திருக்கு” என்றது கெஞ்சுகிற குரலில்.

கோரையன் முன்னங்காலைத் தூக்கியது. எல்லாப் பன்றிகளும் முன்னங்காலைத் தூக்கின. தாளம் விழாமல் அந்தக் கால்கள் கிளம்பாது.

“ம், அடி!” என்றது கோரையன்.

மரங்கொத்தி கட்டையைப் பார்த்தது. கீழே பார்த்தது.

“உன்னைத்தான் சொல்றேன். அடிடா!”

மரங்கொத்தி அடிக்கவில்லை.

நீதி: உன்னைப் புகழ்கிறவன் எங்கே நின்று புகழ்கிறான் என்று குனிந்து பார், பார்த்த பிறகு, எவன் சொன்னாலும் அடிக்காதே.