மீசையில் படாத பாயசம்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. இது விருந்துக் கதை. தள்ளி உட்கார்ந்தால் வாசனை வராது.

முன்னொரு காலத்தில், ஆம்பல்பட்டணத்தில் கொற்றவேலன் என்று ஓர் அரசன் இருந்தான். நல்ல அரசன்தான். ஆனால் அவனைவிட அவன் மீசைக்குப் பேர் அதிகம். எண்ணெய் தடவி முறுக்கிவிடவே இரண்டு ஆள். அந்த மீசையைப் பார்த்துச் சிரித்தவன் ஒருவனும் ஊரில் இல்லை. சிரித்தவனெல்லாம் ஊரை விட்டே ஓடிவிட்டான்.

அரண்மனை விருந்தெல்லாம் சமைப்பவன் மாசிலாமணி. காதுகுத்தா, கல்யாணமா, பட்டாபிஷேகமா, அவன் அண்டாதான் அடுப்பில் ஏறும். நாற்பது வருஷம். அதே சாம்பார், அதே ரசம், அதே பாயசம். சலித்துப்போயிற்று. கை பாட்டுக்குக் கை சமைக்கும். மனசு பாட்டுக்கு மனசு தூங்கும்.

இளவரசிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாசிலாமணி சாம்பாருக்குக் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தான். தாளித்ததைக் கொண்டுபோய்ப் பாயசத்தில் கொட்டினான்!

மாப்பிள்ளையின் தகப்பனார் ஒரு வாய் வைத்தார். கடுகு பல்லில் நறுக்கென்றது. "ஏன் சம்பந்தி, உங்கள் ஊரில் பாயசத்தையும் தாளிப்பீர்களோ?" என்று கேட்டார்.

அரசன் முகம் பழுத்த மிளகாயாகச் சிவந்தது.

"மாசிலாமணி! கல்யாணத்துக்கு மூன்று விருந்து. ஒன்றிலாவது என் வாய் 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கரண்டியை வைத்துவிட்டு யானைக் கொட்டிலுக்குப் போ. கவளம் உருட்டு. அதற்குத் தாளிப்பே கிடையாது. உனக்குத் தோதான வேலை!"

முதல் விருந்து. மாசிலாமணி முப்பது கறி சமைத்தான். அரசன் எல்லாவற்றையும் தின்றான். பாயசம் வந்தது. அதைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான், இலையை மூடினான். அரசன் மூடினால் எல்லாரும் மூட வேண்டும், அது அங்கே வழக்கம். பந்தியே எழுந்துவிட்டது.

இரண்டாம் விருந்து. அறுபது கறி, மூன்று பாயசம். அரசன் மூன்றையும் குனிந்து குனிந்து பார்த்தான், மூன்று பெருமூச்சு விட்டான், இலையை மூடினான். பந்தி எழுந்தது.

மாசிலாமணி கரண்டியைப் போட்டுவிட்டுச் சாய்ந்தான். அவன் பெண்சாதி செங்கமலம், பந்தியில் இலை எடுப்பவள், கூடையோடு வந்து நின்றாள்.

"என்னங்க, யானைக் கொட்டிலுக்கு இப்பவே கிளம்பியாச்சா?"

"போடி. எனக்குத் தெரிஞ்ச புதுசெல்லாம் செஞ்சு பார்த்துட்டேன்."

"நாற்பது வருஷமா நீங்க அண்டாவையே பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க. ஒருநாளாவது ஒரு எச்சில் இலையைப் பார்த்திருக்கீங்களா? எழுந்து வாங்க."

பின்கட்டில் இலை குவிந்து கிடந்தது. மாடுகள் சுற்றி நின்றன. மாசிலாமணி ஒவ்வோர் இலையாகப் பிரித்தான். பல் போன மந்திரியின் இலையில் வடை முழுசாக இருந்தது. சம்பந்தி இலையில், பாயசத்துக்குள் கடுகு இருக்கிறதா என்று விரலால் துழாவிய தடம். அரசனின் பெரிய தலைவாழை இலையில் பாயசம் குளமாக நின்றது. குளத்தில் ஒரு முடி மிதந்தது. நீளமாக, முறுக்காக, எண்ணெய் மினுமினுப்போடு.

"அடியே! இவருக்குப் பாயசம் பிடிக்காமல் இல்லை. மீசை நனைகிறது!"

"சம்பந்தி எதிரில் மீசையைப் பிழிய முடியுமா, பாவம்," என்றாள் செங்கமலம்.

அவ்வளவுதான். நாற்பது வருஷம் தூங்கிய மனசு எழுந்து முகம் கழுவிக்கொண்டது.

மூன்றாம் விருந்து. அதே சாம்பார், அதே ரசம். வடை மட்டும் ரசத்தில் ஊறி வந்தது. மந்திரி ஆறு தின்றார். பாயசம் வரவில்லை. அதற்குப் பதில், அதே பாயசம் சுண்டக் காய்ச்சி, கோலிக்குண்டு அளவில் உருட்டி வந்தது. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு முந்திரி.

சம்பந்தி சந்தேகத்தோடு பிட்டுப் பார்த்தார். முந்திரி! அடுத்ததையும் பிட்டார். முந்திரி! அப்புறம் பிட்டுப் பார்க்கவே இல்லை.

அரசன் ஒன்றை எடுத்து வாயில் போட்டான். மீசையைத் தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது. இன்னொன்று போட்டான்.

"மாசிலாமணி, இன்னும் கொஞ்சம்."

பத்துத் தடவை கேட்டான். அவன் இலையை மூடாததால் ஒருவரும் எழ முடியவில்லை. சம்பந்தி இடுப்புக் கச்சையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கடைசியில் கவளம்தான் உருட்டியிருக்கிறாய்!" என்று அரசன் சிரித்தான்.

"ஆமாம் மகாராஜா, யானைக்குப் பதில் உங்களுக்கு," என்றான் மாசிலாமணி. மீசையோடு சேர்ந்து பந்தியே சிரித்தது. அன்றைக்கு யாரும் ஊரை விட்டு ஓடவில்லை.

எத்தனை வருஷம் செய்த வேலையானாலும், அதை யாருக்காகச் செய்கிறோமோ அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது சலிக்காது.

பின்கட்டில் இலையெல்லாம் காலி என்று மாடுகள் கோபமாகக் கத்தின. மாசிலாமணி ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்துச் சமாதானம் பண்ணினான். பிறகு அவற்றின் நடுவில் குந்தி உட்கார்ந்து, அன்றைய முதல் இலையைப் பிரித்தான்.