பட்டாளத்துப் புத்தகமும் ஏழு வாழைத்தாரும்

வேம்படிக்கோம்பை மலையடிவாரத்து ஊர். அங்கே குரங்குகள் உண்டு, வாழைத்தோட்டம் உண்டு, காசிமாயனும் உண்டு. முதல் இரண்டுக்கும் நடுவில் மூன்றாமவன் புகாமல் இருந்திருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

தோட்டம் காசிமாயன் பெயரில் இருந்தது. பாடுபட்டது அவன் மனைவி ஒச்சம்மா. அந்த வருஷம் இருபத்தாறு மரம் தார் தள்ளியிருந்தது. அதில் ஏழு தாரை ஒச்சம்மா மனதுக்குள் தனியே எடுத்து வைத்திருந்தாள். பதினைந்து நாளில் பூசாரிப்பட்டியில் அவளுடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அத்தை சீராக ஏழு தார் மேளத்தோடு போக வேண்டும்.

அண்ணனின் மூத்த மகள் கல்யாணத்துக்கும் ஏழு என்றுதான் சொல்லியிருந்தாள். குரங்கு புகுந்து ஐந்துதான் மிஞ்சியது. அன்றைக்கு அண்ணன் மனைவி பஞ்சவர்ணம் மண்டப வாசலில் நின்று ஊர் கேட்க எண்ணினாள். ஐந்து என்றதும் நிறுத்தி, பின்னால் இன்னும் ஏதாவது வருகிறதா என்று தெருவை எட்டிப் பார்த்தாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. எட்டித்தான் பார்த்தாள். ஆறு வருஷமாக ஒச்சம்மாவுக்கு அது தொண்டையில் நிற்கிறது.

"இந்தத் தடவை ஏழு. ஒண்ணு குறைஞ்சாலும் அந்த வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன். மதுரைக்குப் போயி குரங்கு வெரட்ட நல்ல வெடியா நாலு கட்டு வாங்கிட்டு வாங்க" என்று கணவனை அனுப்பினாள்.

மதுரையில் மழை. காசிமாயன் ஒரு புத்தகக் கண்காட்சிக் கொட்டகைக்குள் ஒதுங்கினான். மழை விட்டதும் ஒரு தடித்த புத்தகத்தோடு வெளியே வந்தான். 'காலாட்படைப் பயிற்சிக் கையேடு.' நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பட்டாளத்தில் தமிழ்ச் சிப்பாய்களுக்காக அச்சிட்டது. சென்னைப் பதிப்பகம் ஒன்று எழுத்து மாறாமல் மறுபதிப்பு செய்திருந்தது.

"வெடி எங்க?" என்றாள் ஒச்சம்மா.

"எல்லாம் இதுல இருக்கு."

அவள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை.

மறுநாள் காலையில் படை திரண்டது. நான்கு பேர். காசிமாயன் தளபதி, அவன்தான் புத்தகத்துக்குச் சொந்தக்காரன். பெத்தணன் சந்தேகம் கேட்பான். சிவனாண்டி அதைத் தீர்த்துவைப்பான். தவசி இருவரையும் நம்புவான்.

பன்னிரண்டாம் பக்கத்தைக் காசிமாயன் உரக்க வாசித்தான். "கட்டளையின்றி நிற்பவன் படையைவிட்டு ஓடிப்போனவனாகக் கருதப்படுவான்."

"நின்னவன் எப்படிண்ணே ஓடிப்போனவனாவான்?" என்றான் பெத்தணன்.

"நீ நிப்ப. நாங்க போயிருவோம். அப்ப உனக்கும் எங்களுக்கும் நடுவுல தூரம் விழுமா, விழாதா? அந்தத் தூரத்தை ஓடினது யாரு?" என்றான் சிவனாண்டி.

பெத்தணன் கொஞ்ச நேரம் யோசித்து, தான்தான் என்று ஒப்புக்கொண்டான்.

"முன்னே நட" என்றான் காசிமாயன். நடந்தார்கள். டீக்கடை தாண்டியது. பால் சொசைட்டி தாண்டியது. காசிமாயன் நடந்துகொண்டே பக்கம் புரட்டினான். நாற்பதாம் பக்கத்தின் கடைசி வரி, 'நடக்கும் படையை நிறுத்துவதற்குரிய கட்டளையாவது' என்று முடிந்தது. அதற்கு எதிரே இருந்தது நாற்பத்து மூன்றாம் பக்கம். அதன் முதல் வரி, 'குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டவேண்டும்.'

நடுவில் ஒரு தாள் இல்லை. மூலப் பிரதியில் அது கிழிந்துபோயிற்று என்று பதிப்பகம் முன்னுரையிலேயே சொல்லியிருந்தது. முன்னுரை பட்டாளத்துக்காரர் எழுதியதல்ல என்பதால் காசிமாயன் அதைப் படிக்கவில்லை.

"அப்ப நிக்கணும்னா குதிரைக்குத் தண்ணி காட்டணுமா?" என்றான் பெத்தணன்.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"நம்மகிட்ட குதிரை இல்லையேண்ணே."

"அதான நிக்க முடியல" என்றான் சிவனாண்டி.

பள்ளிக்கூடத்து மதில் வந்த பிறகுதான் படை நின்றது. பெத்தணனுக்கு நெற்றி வீங்கியது. 'கடக்கவியலாத தடை எதிர்ப்பட்டால் அவ்விடத்தே அணி குலையாமல் இருக்கவும்' என்று பதினைந்தாம் பக்கம் சொன்னதால் மதில் விதிக்கு உட்பட்டதே என்று தீர்ப்பாயிற்று. அன்று முதல் எல்லாப் பயிற்சியும் அந்த மதிலை நோக்கியே நடந்தது. ஒச்சம்மா சாணிக்கூடையோடு நின்று ஒருநாள் முழுப் பயிற்சியையும் பார்த்தாள்.

காசிமாயன் பதிப்பகத்துக்கு ஒரு கார்டு போட்டான். "ஐயா, நாங்கள் நடந்துகொண்டிருக்கிறோம். நாற்பத்தொன்றாம் பக்கத்தை உடனே அனுப்பவும்."

அதற்குள் ஒச்சம்மா பலகாரம் சுட்டுக் கொடுக்கப் பூசாரிப்பட்டிக்குப் போக வேண்டியதாயிற்று. "எட்டு நாள்ல வந்துருவேன். குரங்கு தோட்டத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்றாள்.

"அது கால் வைக்காது. நாங்க பாத்துக்கிறோம்" என்றான் காசிமாயன்.

குரங்குகள் காலை ஏழு மணிக்கு வரும், முன்னால் ஒரு பெரிய ஆண் குரங்கு, கடுவன். வாசிப்பை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். 'போர் தொடுக்குமுன், எதிரித் தலைவனின் தகுதிக்கேற்ற காணிக்கையோடு தூதுவனை அனுப்பிச் சமாதானம் பேசவேண்டும்.'

"அந்தக் கடுவனுக்கு என்ன தகுதி?" என்றான் பெத்தணன்.

"அதுக்குக் கீழ நாப்பது உருப்படி இருக்கு. நம்ம அண்ணனுக்குக் கீழ மூணு. கணக்குப் பாத்தா அது அண்ணனைவிடப் பெரிய அதிகாரி" என்றான் சிவனாண்டி.

காசிமாயனுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் பட்டாளத்தில் பதவிக்குத்தான் மரியாதை என்பதால், "ரெண்டு தார் வெட்டுங்கப்பா" என்றான்.

வெள்ளைக்கொடிக்குத் தவசியின் வேட்டியைக் கம்பில் கட்டினார்கள். தவசி டவுசரோடு, தோளுக்கு ஒன்றாக இரண்டு தாரைச் சுமந்து, கொடியைப் பல்லில் கவ்விக்கொண்டு போனான். வெறுங்கையோடு திரும்பினான்.

"என்ன சொன்னாங்க?"

"வாங்கிக்கிட்டாங்க. பதில் ஒண்ணும் சொல்லல."

"கலந்து பேசுவாங்க. நாளைக்கும் போ."

மூன்று நாள் தூது போனது. ஆறு தார். மூன்றாம் நாள் கடுவன் வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு புளியமரத்தில் ஏறியது. கொடியைப் பறித்தால் போர் என்று புத்தகம் தெளிவாகச் சொல்லியிருந்தது.

போரிலும் ஒரு சிக்கல். 'எதிரி அணிவகுத்து நின்ற பிறகே சுடவேண்டும்.' குரங்குகள் அணிவகுக்கவில்லை. ஒன்று மரத்தில் இருந்தது, ஒன்று வரப்பில் இருந்தது, ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு பேன் பார்த்தது.

"பயிற்சி இல்லாத படை" என்றான் காசிமாயன், வருத்தத்தோடு.

சிவனாண்டிதான் வழி கண்டான். நான்கு தாரை வெட்டி, பழம் பழமாகப் பிய்த்து, இரண்டடிக்கு ஒன்றாகக் கயிறு பிடித்து நேராக வைத்தார்கள். குரங்குகள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. பட்டாளத்தில்கூட அவ்வளவு நேரான வரிசை அமையாது என்று தவசி வியந்தான்.

துப்பாக்கி இல்லை. துப்பாக்கி இல்லாத இடத்தில் கம்பை நீட்டி வாயால் ஓசை செய்து பழகலாம் என்று புத்தகத்தில் இடம் இருந்தது. நான்கு பேரும் கம்பை நீட்டி, "டுமீல்" என்றார்கள்.

குரங்குகள் தின்றுகொண்டிருந்தன.

"பட்டுச்சா?" என்றான் பெத்தணன்.

"அறுபது தப்படிக்குள்ள குறி தப்பாதுன்னு எழுதியிருக்கு. இது முப்பதுகூட இல்ல. எல்லாம் செத்துப்போச்சு" என்றான் சிவனாண்டி.

"திங்குதேண்ணே."

"செத்தது அதுக்குத் தெரியல. அதுங்ககிட்ட புத்தகம் இல்லையே."

தின்றுமுடித்து எல்லாம் மலையேறின. ஒரு குட்டைவால் குரங்கு மட்டும் வயிறு முட்டியதால் நடக்க முடியாமல் வரப்பில் படுத்துத் தூங்கிவிட்டது. அதன் இடுப்பில் கயிறு கட்டினார்கள். படையின் முதல் போர்க்கைதி.

கைதிகளைப் பற்றி எழுபதாம் பக்கம் கண்டிப்பாக இருந்தது. 'கைதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே உணவு, ஒரே அளவு.' கைதிக்குக் கம்பங்கூழ் வைத்தார்கள். அது சட்டியைக் கவிழ்த்தது. பழம் வைத்தார்கள். தின்றது.

"அப்ப நாமளும் பழந்தான் திங்கணும்" என்றான் பெத்தணன்.

"அதே அளவு திங்கணும்" என்றான் சிவனாண்டி.

குரங்கு அளவுக்குத் தின்பது லேசில்லை. தவசிக்கு வயிறு ஊதியது. விதி என்பதால் தின்றான். ஐந்து நாளில் ஒன்பது தார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒச்சம்மா திரும்பி வந்து தோட்டத்தைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். பிறகு பாயில் கைதியோடு படுத்திருந்த படையைப் பார்த்தாள்.

"சேதம் பத்தொம்பது. மிச்சம் ஏழு. நீ கேட்டது ஏழுதான?" என்றான் காசிமாயன்.

அவள் அரிவாளை எடுத்துப்போய் ஏழையும் அப்போதே வெட்டி வீட்டுக்குள் வைத்துப் பூட்டி, வாசப்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நாளும் சாப்பாடு அங்கேயே.

கல்யாணத்தன்று காலையில் வேறு ஆள் கிடைக்கவில்லை. படைதான் சுமந்தது. மூன்று பேருக்குத் தோளில் காவுக்கம்பு, கம்புக்கு இரண்டு தார். காசிமாயன் தலையில் ஒன்று, கையில் புத்தகம். கைதியை விட்டுவிட்டுப் போக விதி இல்லாததால் அது தவசியின் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது.

"ரோட்டுல லோடு ஆட்டோ நிக்குது. அதுல ஏத்துங்க. பூசாரிப்பட்டி எல்லையில எறங்கி மேளத்தோட போகலாம்" என்றாள் ஒச்சம்மா.

"முன்னே நட" என்றான் காசிமாயன்.

டீக்கடை தாண்டியதுபோல் ஆட்டோவும் தாண்டியது. டிரைவர் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏக்கா, இவுங்க எங்க போறாங்க?" என்றான்.

"கல்யாணத்துக்கு. நீ என்னை மட்டும் ஏத்திக்க" என்றாள் ஒச்சம்மா.

எதிரே தபால்காரர் சைக்கிளில் வந்தார். சென்னையிலிருந்து கவர். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கூடவே உருட்டி, அவரே பிரித்து வாசித்தார். வேறொரு பிரதி கிடைத்துவிட்டதாம். நாற்பத்தொன்றாம் பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறார்களாம்.

"படிங்க, படிங்க" என்றான் காசிமாயன்.

"'நிற்க என்பது கட்டளை. இதனை, படை அசையாது நிற்கும் வேளையில் மட்டுமே கற்பிக்கவேண்டும். நடக்கும் படைக்குக் கற்பித்தல் கூடாது.'"

படை நடந்தபடியே அதைக் கேட்டது.

"நாம இப்ப நடக்குறோமா, நிக்குறோமாண்ணே?" என்றான் பெத்தணன்.

"நடக்குறோம்."

"அப்ப நின்னுட்டுக் கத்துக்குவோம்."

"நிக்கக் கத்துக்கிட்டாத்தான நிக்கலாம்" என்றான் சிவனாண்டி. தபால்காரர் கவரைத் தவசியின் டவுசர் பையில் செருகிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

பூசாரிப்பட்டி எல்லையில் மேளம் சேர்ந்துகொண்டது. மண்டப வாசலில் பஞ்சவர்ணம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள். விரலை நீட்டினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு." ஏழு வரை வந்தது. வழக்கப்படி கழுத்தை நீட்டித் தெருவை எட்டிப் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது. ஒச்சம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

மண்டபத்துக்குப் பின்வாசல் ஒன்று உண்டு, சமையல்கட்டுக்குப் போவதற்கு. படை முன்வாசலில் நுழைந்து, மணவறை ஓரமாக நடந்து, தடை எதுவும் எதிர்ப்படாததால் பின்வாசல் வழியாக வெளியேறி, சந்து போன போக்கில் இடப்பக்கம் திரும்பி, சுற்றிக்கொண்டு மறுபடி முன்வாசலுக்கு வந்தது.

"எட்டு" என்றாள் பஞ்சவர்ணம், வாய் திறந்திருந்ததால். "ஒம்போது. பத்து."

பின்கதவைச் சாத்தினால் நின்றுவிடுவார்கள் என்பது ஒச்சம்மாவுக்குத் தெரியும். மதிலை அவள் பார்த்திருக்கிறாள். கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அவள் போய் முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

பதினான்கில் பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். இருபத்தொன்றில் மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து நின்றார். இருபத்தெட்டில் தாலி கட்டினார்கள், யாரும் கவனிக்கவில்லை. முப்பத்தைந்தில் ஒரு கிழவர், "எல்லாத்துலயும் கூடவே ஒரு குரங்கு வருதே?" என்றார். "தாருக்குக் காவல்" என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கினார்.

அறுபத்து மூன்றில் பஞ்சவர்ணத்துக்குக் குரல் கட்டிவிட்டது. எழுந்து வந்து ஒச்சம்மாவின் கையைப் பிடித்தாள்.

"போதும் தாயி. இனிமே வைக்க எடம் இல்ல. மிச்சத்தை உன் வீட்டுக்கே திருப்பி அனுப்பிரு."

"உங்க இஷ்டம் மதினி" என்றாள் ஒச்சம்மா. அப்போது வாசலுக்கு வந்துகொண்டிருந்த படையைப் பார்த்து, "வலப்பக்கம் திரும்பு" என்றாள்.

படை திரும்பியது. ஏழு தாரும் கைதியும் இரண்டு மைல் நடந்து, வேம்படிக்கோம்பைப் பள்ளிக்கூடத்து மதிலில் முட்டி, அணி குலையாமல் நின்றன.

பந்தியில் இலைக்குப் பழம் வரவில்லை. அறுபத்து மூன்று தார் இருக்கிற வீட்டில் பழம் வைக்காதது என்ன கஞ்சத்தனம் என்று மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். தார்களை எந்த அறையில் வைத்துப் பூட்டினாய் என்று பஞ்சவர்ணம் புருஷனைக் கேட்டாள். சாவி உன்னிடம்தானே இருக்கிறது என்றார் அவர். வருஷம் மூன்றாகிறது. பழமெல்லாம் அழுகிப்போயிருக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் சாவியைத் தேடுவதை இன்னும் விடவில்லை.