மான் உடைத்த புள்ளி

கணினிக்குள் காடு என்பதே புதிதாக இருந்த அந்தக் காலத்தில், அங்கே இருந்த விலங்குகள் எல்லாம் வாய் திறந்து பேசும். நாமே ஓர் ஆளாக மாறிக் காடு மேடு அலைகிற விளையாட்டு இருக்கிறதே, அந்த மாதிரி ஒரு விளையாட்டுக்குள் இருந்த காடு அது. அதைக் கட்டியவள் நாச்சியார் என்ற பெண். ஒவ்வொரு மரத்தையும் ஒவ்வொரு குளத்தையும் தானே எழுதி எழுப்பியவள். காட்டின் கடைசி எல்லையில் ஒரு பெரிய கண்ணாடி நிற்கும். அதற்கு அப்பால் அவள் முகமும் காப்பி தம்ளரும் மங்கலாகத் தெரியும்.

அந்தக் காட்டில் ஒவ்வோர் உயிருக்கும் நெற்றியில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அதன் கணக்கு அவ்வளவுதான். இப்போது இருப்பதுபோல் வலுவுக்கு இத்தனை, வேகத்துக்கு இத்தனை, மோப்பத்துக்கு இத்தனை என்றெல்லாம் கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால், தீர்ப்புச் சொல்வதற்கென்றே இருந்த ஓணான் பக்கத்துக் கல்லில் ஏறி இரண்டு நெற்றியையும் பார்க்கும். எவன் புள்ளி பெரிதோ அவன் பக்கம் தலையை ஆட்டும். தலையாட்டல் விழுந்த பிறகு சின்னப் புள்ளிக்காரனால் ஓரடி முன்னே வைக்க முடியாது. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஜெயித்தவன் புள்ளி இன்னும் கொஞ்சம் பெருக்கும். எழுதியவளுக்கு இது ரொம்பச் சௌகரியம். ஒருத்தருக்குச் சௌகரியமானது இன்னொருத்தர் தலையில் விடியாமல் இருக்குமா?

மானின் தலையில் விடிந்தது. கோடை என்று ஒன்றை வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டு நாச்சியார் காட்டுக்குள் ஒரு கோடையை விட்டாள். ஓடை வற்றியது. சுனை வற்றியது. கடைசியில் ஒரே ஒரு குளம் மிஞ்சியது. அதில் ஒரு காட்டெருமை படுத்துக் கிடந்தது. அதன் நெற்றிப் புள்ளி தோசைக்கல் அளவு இருக்கும். காட்டில் பெரும்புள்ளி என்றால் அதுதான். குளத்தைச் சுற்றி எவன் வந்தாலும் எழுந்து எதிரே நிற்கும், ஓணான் தலையாட்டும், வந்தவன் திரும்பிப் போவான். எருமையின் புள்ளி இன்னும் கொஞ்சம் பெருக்கும்.

மான் அப்போதுதான் ஒரு குட்டி போட்டிருந்தது. காரைப் புதருக்கு அடியில் குட்டி கிடந்தது. தாய்க்குத் தண்ணீர் இல்லை, அதனால் குட்டிக்குப் பால் இல்லை. முட்டி முட்டிப் பார்த்து அலுத்துப்போய் குட்டி தலையைத் தரையில் போட்டுவிட்டது. மான் குளத்துக்குப் போனது.

"அண்ணே, ஒரு வாய் குடிச்சிட்டுப் போயிடறேன். குட்டி கெடக்குது, மடியில பால் இல்ல."

"என்னைக் கேட்டு என்ன புண்ணியம்? ஓணானைக் கேளு," என்றது எருமை.

ஓணான் பார்த்தது, தலையாட்டியது. மானின் கால் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. மறுநாளும் மான் போனது.

"நேத்துப் பாத்த நெத்திதானே?" என்று ஓணான் கேலி செய்தது. "ராத்திரியோட ராத்திரியா வளந்திருச்சா?"

"நெத்தி வளரலைங்க. ஆனா நான் இவரைவிட வேகமா ஓடுவேன். ஒருதரம் ஓடவிட்டுப் பாருங்களேன்."

ஓணான் விழித்தது. அது கெட்டது அல்ல. அதற்கு நிஜமாகவே புரியவில்லை. "வேகமா? அது எங்க இருக்கு? எனக்குத் தெரிஞ்சது புள்ளி ஒண்ணுதான். நீ காத்தா பறந்தாலும் கணக்குல வராது தாயி."

மானுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எருமை பலசாலி என்பதில் மானுக்குச் சந்தேகமே இல்லை. தனக்கு ஓடத் தெரியும், கேட்கத் தெரியும், காற்றில் மூக்கை வைத்து அரைக் காதம் தள்ளி இருப்பதைச் சொல்லத் தெரியும் என்பதிலும் சந்தேகமில்லை. அதையெல்லாம் எழுதி வைக்க ஓர் இடம் இல்லை என்பதற்காகத் தன் குட்டி சாக வேண்டுமா? மான் திரும்பி ஓடியது. அந்தக் காட்டில் அதுவரை யாரும் அப்படி ஓடியதில்லை. நேரே எல்லைக் கண்ணாடிக்குப் போய்க் குளம்பால் தட்டியது.

நாச்சியார் துள்ளிவிட்டாள். தம்ளரில் இருந்த காப்பி பாதி கீழே போனது. "என்ன வேணும் உனக்கு?"

"அம்மா, எனக்கு எருமையண்ணன் அளவு புள்ளி வேணும்னு கேக்க வரல. எனக்கு இருக்கறதையே கணக்குல எடுங்கன்னு கேக்க வந்தேன்."

மான் நடந்ததைச் சொன்னது. நாச்சியார் கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தாள். "நீ சொல்றது நியாயம்தான். ஆனா ஒரே புள்ளின்னா எனக்குச் சுலபம். பெருசு, சிறுசு, முடிஞ்சது. நீ சொல்ற மாதிரி செஞ்சா காலுக்குக் காலைப் பாக்கணும், காதுக்கு எதைப் பாக்கறது, ஒளியறவனையும் தேடறவனையும் எப்படி ஒத்துப் பாக்கறது... எத்தனை கட்டம் போடணும் தெரியுமா? ஆட வர்றவங்க தலை சுத்தி விழுந்துருவாங்க."

"சுலபம் உங்களுக்கு அம்மா. எனக்கு இல்ல."

நாச்சியார் துடைக்கத் துணி தேடினாள்.

"நீங்க எழுதி முடிக்கற வரைக்கும் நான் இங்கிருந்து நகர மாட்டேன்," என்றது மான். சொன்னபடியே நின்றது. நாச்சியார் காப்பியைத் துடைத்தாள், நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள், வேறு வேலை பார்ப்பதுபோல் பார்த்தாள். நிமிர்ந்தபோதெல்லாம் கண்ணாடியில் மானின் மூச்சுப் படிந்திருந்தது. கடைசியில் அவளே மனம் இறங்கினாள்.

"சரி, எழுதறேன். ஆனா கூட ஒரு பொட்டு தர மாட்டேன். மொத்தம் மாறக் கூடாது. உன் நெத்தியில இருக்கறதுதான் உனக்கு. பிரிச்சு வைக்கணும்னா அதை உடைக்கணும்."

"உடைக்கறேன்."

"அவசரப்படாத. உடைச்சா மறுபடி ஒட்டாது. ஒரு இடத்துல வச்சுட்டா அப்புறம் எடுத்து வேற இடத்துல வைக்க முடியாது. வலுவுக்கு ஒண்ணும் வைக்காம விட்டேன்னு வச்சுக்கோ, அவன் ஒரு முட்டு முட்டினா உன் கதை முடிஞ்சுது."

"முட்டறதுக்கு நான் கெடைச்சாத்தானே?" என்றது மான்.

பக்கத்தில் ஒரு கருங்கல் பாறை இருந்தது. மான் நாலடி பின்னால் போனது. தலையைத் தாழ்த்தி ஓடிவந்து நெற்றியைப் பாறையில் மோதியது. நாச்சியார் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோது மானின் நெற்றி வெறுமையாக இருந்தது. புள்ளி நொறுங்கிப் புல்லெல்லாம் வெள்ளைத் துணுக்குகளாகச் சிதறிக் கிடந்தது.

மான் வலியோடு குனிந்து ஒவ்வொன்றாக நாக்கில் ஒற்றி எடுத்தது. காலுக்கு வைத்தது, அது வேகம். காதுக்கும் மூக்குக்கும் வைத்தது. மரத்தடி வெயில் நிழலில் நின்றால் யார் கண்ணுக்கும் படக்கூடாது என்று முதுகு முழுக்கத் தூவிக்கொண்டது. வலுவுக்கு ஒன்றும் வைக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு துணுக்கு மிஞ்சியது. அதை நெஞ்சுக்கு என்று ஒதுக்கியிருந்தது. துணிவுக்கு.

வாயில் அதை ஏந்திக்கொண்டு முதலில் குட்டியைப் பார்க்கப் போனது. குட்டியின் விலா ஏறி இறங்குவதே தெரியவில்லை. மான் யோசிக்கவேயில்லை. மிஞ்சிய துணுக்கைக் குட்டியின் முதுகில் ஒற்றியது. "தாக்குப் புடி கண்ணு. தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்," என்றது. குட்டி ஒரு மூச்சு இழுத்தது. பிறகு இன்னொன்று இழுத்தது.

மான் குளத்துக்குக் கிளம்பியபோது அதன் நெஞ்சில் ஒன்றுமே இல்லை. சருகு விழுந்தால் துள்ளியது. பயம் போகட்டும், பிறகு போகலாம் என்று அது காத்திருக்கவில்லை. பயத்தையும் கூட்டிக்கொண்டுதான் போனது.

மரம் இருந்த வரைக்கும் எருமைக்கு ஒன்றும் தெரியவில்லை. முதுகுப் புள்ளிகள் நிழலோடு நிழலாகிவிட்டன. குளக்கரையில் மட்டும் மரமில்லை, வெறும் சேறு. மான் வெளியே வந்ததும் எருமை பார்த்துவிட்டது.

"யாரது? நெத்தியக் காணோம்?" என்று சிரித்தது. "ஓணானே, இதுல பாக்க என்ன இருக்கு? ஆட்டு தலைய!"

ஓணான் கல்லில் ஏறியது. மானின் நெற்றியில் தேடியது, கிடைக்கவில்லை. காலில் பார்த்தது, காதில் பார்த்தது, முதுகில் பார்த்தது. "இங்க நெறைய இருக்கே, எதை எதோட சேத்துப் பாக்கறது?" என்று தவித்தது. அதற்குள் எருமை பொறுமை இழந்து பாய்ந்துவிட்டது. பாய்ச்சல் என்றால் கால்தானே? ஓணான் இரண்டு பேர் காலையும் பார்த்தது. மானின் காலில் புள்ளி இருந்தது. எருமையின் காலில் ஒன்றுமே இல்லை, இருந்ததெல்லாம் நெற்றியில். ஓணான் வாழ்க்கையில் முதல் தடவையாக எருமைக்கு எதிர்ப்பக்கம் தலையாட்டியது. எருமை சேற்றில் வழுக்கி நிமிர்வதற்குள் மான் அதைத் தாண்டித் தண்ணீர் விளிம்பில் நின்றது.

ஓட வேண்டியது முடிந்துவிட்டது. இனிமேல் காலால் பிரயோஜனமில்லை. தண்ணீர் குடிக்க வேண்டுமானால் நிற்க வேண்டும். நின்று, கழுத்தை நீட்டி, தலையைக் குனிய வேண்டும். ஓட்டத்துக்கு விழுந்த தீர்ப்பு ஓட்டத்தோடு முடிந்தது, எருமை திரும்பி வந்துவிட்டது. அதன் கொம்பு மானின் விலாவுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மூக்கிலிருந்து சூடு அடித்தது.

"இப்ப வலுவைப் பாரு!" என்று எருமை ஓணானிடம் கத்தியது.

"நான் முட்ட வரலண்ணே," என்றது மான். "நிக்க வந்திருக்கேன்."

நிற்பதற்கு எதைப் பார்ப்பது? ஓணான் நெஞ்சைப் பார்த்தது. மானின் நெஞ்சில் ஒன்றுமில்லை, வெறும் நடுக்கம். எருமையின் நெஞ்சைப் பார்த்தது. அங்கேயும் ஒன்றுமில்லை. எதிர்த்து நிற்க யாரும் வந்ததில்லை என்பதால் எருமைக்கு இதுவரை துணிவு தேவைப்பட்டதே இல்லை. அது எருமைக்கே தெரியாது. இரண்டும் பூஜ்யம். எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் ஓணான் தலையை மேலேயும் கீழேயும் ஆட்டியது, ஆட்டிக்கொண்டே இருந்தது.

தீர்ப்பு இல்லை என்றால் தடையும் இல்லை. மான் தலையைக் குனிந்தது. ஒரு வாய் குடித்தது. உடம்பெல்லாம் பதற, தலையைத் தூக்கி எருமையைப் பார்த்தது. மறுபடி குனிந்து இன்னொரு வாய் குடித்தது. ஒரு முட்டில் எருமை அதைக் கொன்றிருக்கலாம். ஆனால் பின்வாங்காத ஒன்றை நோக்கி அடி எடுத்து வைத்து அதற்குப் பழக்கமில்லை. தோசைக்கல் அளவு புள்ளியை நெற்றியில் வைத்துக்கொண்டு அது ஓரடி பின்னால் போனது. பிறகு தண்ணீரில் இறங்கித் தானும் குடிக்கத் தொடங்கியது, வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

அன்றைக்கே மானின் மடியில் பால் இறங்கியது. குட்டி எழுந்து நின்று குடித்தது.

விஷயம் காடெல்லாம் பரவியது. ஆமை, கீரி, முயல் எல்லாம் பாறைக்கு ஓடிவந்து நெற்றியை மோதின. எதை எங்கே வைப்பது என்று ஆளுக்கொரு யோசனை, ஆளுக்கொரு சண்டை. முள்ளம்பன்றி பிரித்து வைத்துவிட்டு மறுநாளே வந்து "தப்பா வச்சுட்டேன் அம்மா, மாத்திக் குடுங்க" என்று அழுதது. நாச்சியார் முடியாது என்றாள். ராப்பகலாக உட்கார்ந்து கட்டம் கட்டமாக எழுதினாள். அவளுக்குப் பிறகு விளையாட்டுக் காடுகளைக் கட்ட வந்தவர்கள் அந்தக் கட்டங்களோடு தங்கள் பங்குக்கும் கட்டங்களைச் சேர்த்தார்கள். காவல்காரனிடம் பேசிச் சமாளிக்க ஒன்று, பூட்டுத் திறக்க ஒன்று, விஷம் தாங்க ஒன்று. எருமை மட்டும் உடைக்கவே இல்லை. எல்லாவற்றையும் நெற்றியிலேயே வைத்துக்கொண்டு இன்றும் அலைகிறது. அதைப் பார்த்து அப்படியே செய்கிற மனிதர்களும் உண்டு.

இன்றைக்கு அப்படி ஒரு விளையாட்டைத் திறந்தவுடன், "என்னய்யா இது, ஆட விடாமல் இத்தனை கட்டம், இத்தனை எண்!" என்று சலித்துக்கொள்கிறோம். சலித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. கையில் கொடுத்த கொஞ்சம் புள்ளிகளை அங்கே வைத்து, இங்கே வைத்து, அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளுங்கள். ஒரே எண் போதும் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரே எண் என்றால் குளம் ஒருத்தனுக்குத்தான்.

அன்று முதல்தான் காட்டுக்குள் நுழைகிறவர் யாராயிருந்தாலும் வாசலிலேயே உட்கார்ந்து தன் புள்ளிகளைப் பிரித்து வைக்கிறார். அன்று முதல்தான் துணிவுக்கு ஒரு புள்ளிகூட மிஞ்சாதவரும், நடுங்கிக்கொண்டே போய், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார்.