ஜீவரத்தினம் மாட்டிய ஸ்டீயரிங்

புளியங்குடி பைபாஸ் ரோட்டில் இருக்கிற ஜீவரத்தினத்தின் பட்டறைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். வண்டியைச் சரி பண்ண வருகிறவர்கள் ஒரு வகை. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், அவர் விடுகிற கதையைக் கேட்பதற்காகவே ஏதாவது ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. அன்றைக்கு வந்த குணசீலன், பாவம், முதல் வகை.

காலையில் மார்க்கெட்டுக்கு எலுமிச்சை மூட்டை இறக்கப் போன இடத்தில் அவனுடைய பிக்கப் வண்டி அலும்பு பண்ண ஆரம்பித்துவிட்டது. ஸ்டீயரிங்கை அரை வட்டம் சுற்றினால்தான் சக்கரத்துக்கே சேதி போகிறது. வேறு நாளாக இருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பான். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு அவன் வாசுதேவநல்லூருக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். அதுவும் அதே பிக்கப்பில்.

பஸ்ஸில் போனால் என்ன என்று கேட்கலாம். பெண்ணின் அப்பா ஆதிமூலம் அதற்குத்தான் அணை போட்டு வைத்திருந்தார். இதற்கு முன்னால் ஒரு மாப்பிள்ளை சொந்தக் கார் என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறான். பஜ்ஜித் தட்டு காலியாவதற்குள் காரின் உண்மையான சொந்தக்காரர் வந்து, வாடகை நேரம் முடிந்துவிட்டது என்று சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து ஆதிமூலம் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை கலெக்டராக இருந்தாலும் சரி, கருவாடு விற்கிறவராக இருந்தாலும் சரி, எந்த வண்டி சொந்தம் என்று சொன்னாரோ அந்த வண்டியில் வர வேண்டும். வராவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது.

குணசீலனுக்கு முப்பத்திமூன்று முடிந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிற்று. அதற்கெல்லாம் அவன் பெரிதாக வருத்தப்படவில்லை. ஆனால் இந்தப் பெண் இசக்கிப்பிரியா போனில் ஒரே ஒரு தடவை பேசும்போது, இடையில் எதற்கோ சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடித்துப்போயிற்று. ரொம்பவே பிடித்துப்போயிற்று.

"நாலு மணிக்குத்தான தம்பி? மூணுக்கே சாவியக் கையில தாரேன், போயிச் சட்டையத் தேய்ச்சுட்டு வாரும்" என்று வண்டிக்கு அடியிலிருந்து ஜீவரத்தினத்தின் குரல் வந்தது. வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்தான். வாய் உள்ளே இருந்தாலும் ரோடு வரைக்கும் கேட்டது.

எதிரே டீக்கடை வைத்திருக்கிற பேச்சிமுத்துவும் பக்கத்து வெல்டிங் கடை ஏசுவடியானும் வேலையை விட்டுவிட்டு வந்து பழைய டயர்களின் மேல் உட்கார்ந்தார்கள். ஜீவரத்தினம் வண்டிக்கு அடியில் போய்விட்டாரென்றால் கதை கிளம்பப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

"ஸ்டீயரிங் பாக்ஸ் மாத்துறதெல்லாம் எனக்கு ஒரு வேலையா தம்பி? செங்கோட்டைக் கணவாயில, ஓடிக்கிட்டு இருக்க லாரியில மாத்தினவன் நான். மரத்தடி ஏத்திட்டு எறங்குது. பாதி எறக்கத்துல பாக்ஸ் ஒடஞ்சு போச்சு, பிரேக்கும் இல்ல. டிரைவரு எனக்குப் போனப் போடுதான்."

"ஓடுத வண்டியிலேருந்தா?" என்றார் பேச்சிமுத்து.

"நின்ன வண்டிக்கு என்னத்துக்கு வே மெக்கானிக்கு? நான் பைக்க முறுக்கிக்கிட்டுப் போயி, லாரிக்கு அடியில பைக்கோட நுழைஞ்சுட்டேன். வளைவுக்கு ஒரு போல்ட்டாக் கழட்டுதேன். ஒரு கையி ஸ்பேனரு, ஒரு கையி சக்கரம். நாந்தான் கீழேருந்து சக்கரத்தத் திருப்பித் திருப்பி விடுதேன்."

"அப்ப பைக்க யாரு வே பிடிச்சா?" என்றார் ஏசுவடியான்.

"அது பழகுன பைக்கு. மேல டிரைவரு நல்லாத் தூங்கிட்டான், பாவம். அடிவாரத்துல எழுப்பி, 'புது பாக்ஸ் மாட்டியாச்சுடே'ன்னு சொன்னாக்க நம்ப மாட்டேங்கான்."

"அவனும் நம்பலையா? அப்ப எங்களச் சொல்லிக் குத்தமில்ல" என்றார் பேச்சிமுத்து.

குணசீலனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் வேலை தாமதமாகும் என்று அடக்கிக்கொண்டான். ஸ்டீயரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கடத்துகிற பழைய பாக்ஸ் கழன்று தரையில் விழுந்தது. அதற்குப் பதிலாக மாட்டுவதற்கு, மூலையில் கிடந்த ஒரு பாக்ஸைக் காலாலேயே தன் பக்கம் இழுத்துக்கொண்டார் ஜீவரத்தினம். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று குணசீலன் கேட்டான். அதற்குள் அடுத்த கதை கிளம்பிவிட்டது.

"இதாவது பாக்ஸ். ஒருக்கா கல்யாண வேன் ஒண்ணு சிவகிரி தாண்டி ஸ்டீயரிங் மடக்கிக்கிட்டு நின்னுட்டு. பாக்ஸுக்கு எங்க போவ? பொண்ணு வீட்டுச் சாமானுல முறுக்குப் பிழியுத மிஷின் இருந்துச்சு. சுத்துனா திருகு மரை எறங்கும்லா? ஸ்டீயரிங்குக்குள்ளயும் அதே மரைதான். எடுத்து மாட்டிட்டேன். வேன் பூப்போலத் திரும்புது. ஆனா மிஷினுக்குள்ள மாவு இருந்துச்சு, அத நான் கவனிக்கல."

"ஐயையோ" என்றார் பேச்சிமுத்து.

"வலத்த திருப்புனா தேன்குழலு, இடத்த திருப்புனா முள்ளு முறுக்கு. என்ஜின் சூட்டுல வெந்து மொறுமொறுன்னு விழுது. ராஜபாளையம் போறதுக்குள்ள வேன்ல உள்ள அத்தன பேருக்கும் வயிறு நெறஞ்சுபோச்சு. மண்டபத்துல பந்தியில ஒக்கார ஆளில்ல. சமையக்காரன் எம்மேல கேஸு போடப் பாத்தான்."

"வேன் ஏன் வே அத்தன தடவ திரும்புச்சு? ராஜபாளையம் ரோடு நேர் ரோடுலா?" என்றார் ஏசுவடியான்.

"டிரைவரு முறுக்குக்காகத் திருப்புனான் வே!"

இதற்குக் குணசீலனே சிரித்துவிட்டான். அந்த நேரம் பார்த்து அவன் அம்மா போன் பண்ணினாள். பூ வாங்கியாயிற்று, பழம் வாங்கியாயிற்று, வண்டி எங்கே என்றாள். "இந்தா முடிஞ்சுட்டும்மா" என்று சொல்லிவிட்டு, கீழே குனிந்து, "அண்ணாச்சி, கொஞ்சம் வெரசாப் பாருங்க" என்றான்.

"பயப்படாதீரும். நான் மாட்டுன ஸ்டீயரிங் சும்மா வெண்ணெ மாதிரி இருக்கும். கடையநல்லூர்க்காரர் ஒருத்தருக்குப் போட்டுக் குடுத்தேன். ஸ்டீயரிங்குல ஈ ஒக்காந்தா வண்டி திரும்பும். தும்முனா யூ டர்ன். மனுசன் ஒருநா ஓட்டிக்கிட்டே மச்சினன் வீட்டு மீன்கொழம்ப நெனச்சிருக்காரு. வண்டி நேரா அங்க போயி நின்னுட்டு."

"அவரு பொண்டாட்டியும் வண்டில இருந்தாவளா?" என்றார் ஏசுவடியான்.

"இருந்தாவ. அந்தம்மா சினிமாவ நெனச்சாவ. வண்டி நடு ரோட்டுல நின்னு யோசிச்சுது."

பேச்சிமுத்து தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தெம்பு வந்துவிட்டது ஜீவரத்தினத்துக்கு. தலையை வெளியே நீட்டினார். முகம் முழுக்க கிரீஸ். இனி வருவது பெரிய சரக்கு என்று அர்த்தம்.

"தூத்துக்குடித் துறைமுகத்துல கப்பல் ஒண்ணு திரும்ப மாட்டாம நின்னது ஒங்களுக்குத் தெரியாது. கேப்டன் என்னக் கூட்டிட்டு வரக் கார் அனுப்புனான். போயிப் பாத்தேன். அவ்வளவு பெரிய கப்பலுக்கு என் கையில இருந்தது இதே மாதிரி ஒரு பிக்கப் பாக்ஸுதான். மாட்டி, கொஞ்சம் கூடுதலா முறுக்கிட்டேன் போலருக்கு. கேப்டன் திருப்புதான். கப்பல் அசையல. கடல் திரும்பிட்டு."

ஏசுவடியான் உட்கார்ந்திருந்த டயரிலிருந்து எழுந்துவிட்டார்.

"கடலு?" என்றார் ஏசுவடியான்.

"அப்படியே மொத்தமா. கெழக்க கெடந்தது மேக்க வந்துட்டு. மறுநாள் சூரியன் எங்கிட்டு உதிக்கதுன்னு தெரியாம முழிச்சது எனக்குல்லா தெரியும்."

"அதான் வே அன்னைக்கு நான் சாயங்காலம் பாலக் காய்ச்சிக் கடயத் தொறந்துட்டேன்" என்றார் பேச்சிமுத்து, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

இப்படியாகக் கடைசி போல்ட்டும் முறுக்கியாயிற்று. வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினார்கள். ஓட்டிப் பார்க்கலாம் என்று குணசீலன் கதவைத் திறந்தபோது ஜீவரத்தினம் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. ஸ்டீயரிங் மாற்றிய வண்டி நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்காமல், ஸ்டீயரிங்கை ஒரு நூல்கூடத் திருப்பக் கூடாது. எலுமிச்சை ஏலம் போகிற ஊரில் பழத்துக்கு முதல் மரியாதை கொடுக்காமல் எப்படி என்பார். வேறு எந்தப் பட்டறையிலும் முதலில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பழம் வைப்பார்கள். இவரிடம் பழம் முதலில், பரிசோதனை பின்னால்.

சூடம் காட்டினார்கள். பழங்கள் பட்பட்டென்று நசுங்கின. வண்டி நேராக வாசலுக்கு வந்தது. வீடு வலப்பக்கம் என்பதால் குணசீலன் வலப்பக்கம் திருப்பினான். வண்டி இடப்பக்கம் போனது. பதறிப்போய் இன்னும் நன்றாக வலப்பக்கம் ஒடித்தான். வண்டி இன்னும் நன்றாக இடப்பக்கம் போய், தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து, பேச்சிமுத்துவின் வடைக் கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

"கல்யாண ஆசையில தம்பிக்கு வலமும் இடமும் தெரியல" என்று சொல்லிக்கொண்டே ஏசுவடியான் ஏறிப் பின்னால் எடுத்தார். எடுத்த வேகத்தில் ஜீவரத்தினத்தின் பெயர்ப்பலகையைச் சாய்த்துவிட்டு இறங்கினார். இறங்கினவர் சாவியைக் குணசீலனிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஜீவரத்தினம் அடியில் நுழைந்து பார்த்தார். மாட்டியது வேறு மாடல் வண்டியின் பாக்ஸ். உள்ளே மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருந்தது. அப்புறம் மெல்ல வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்தார்.

"வேணும்னேதான் போட்டேன். கள்ளப் பயலுவ நடமாட்டம் ஜாஸ்தியாயிட்டுலா? எவனாவது வண்டியக் களவாண்டுட்டு மதுரைக்குத் திருப்புனா, அது நேரா ஒம்ம வீட்டுக்கு வந்துரும்."

"அண்ணாச்சி, நான் என்ன கள்ளனுக்கா பொண்ணு பாக்கப் போறேன்?" என்றான் குணசீலன். அவனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. பாக்ஸை மறுபடி கழற்றி மாட்ட இருட்டிவிடும்.

போன் அடித்தது. ஆதிமூலம்.

"யானை வழிய மறிச்சிட்டுன்னு சொல்லும்" என்றார் ஜீவரத்தினம். "கூடவே குட்டியும் இருக்குன்னு சொல்லும், நம்புவாரு."

"பஞ்சர்னு சொல்லுடே, போதும்" என்றார் பேச்சிமுத்து.

குணசீலன் இரண்டு பேரையும் பார்த்தான். காலையிலிருந்து கேட்ட கதைகளில் அவனுக்குப் பொய் என்றாலே தெவிட்டிப்போயிருந்தது. போனை எடுத்து, நடந்ததை நடந்தபடி சொன்னான். வலப்பக்கம் திருப்பினால் வண்டி இடப்பக்கம் போகிறது, அதனால் வர முடியவில்லை என்றான்.

"தம்பி" என்றார் ஆதிமூலம் நிதானமாக. "வாடகைக் காருல வந்தானே, அவன்கூட இவ்வளவு பெரிய புளுகு புளுகல. நீரு எங்க நிக்கீரு?" குணசீலன் இடத்தைச் சொன்னான். "அங்கயே நில்லும்." பின்னாலிருந்து யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அது யார் சிரிப்பு என்று குணசீலனுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தது இசக்கிப்பிரியா. பட்டுச்சேலையை ஏற்றிச் செருகி, மல்லிகைப்பூ நசுங்க ஹெல்மெட் போட்டிருந்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஆதிமூலம் இறங்கியதும், "எங்க அந்த அதிசய வண்டி?" என்றார்.

அவள் குணசீலனிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கினாள். பட்டறைக்கு முன்னால் கிடந்த வெறும் மண்ணில் வண்டியை மெதுவாக விட்டாள். வலப்பக்கம் திருப்பினாள், இடப்பக்கம் போனது. இடப்பக்கம் திருப்பினாள், வலப்பக்கம் வந்தது. ஒரு சுற்றில் அதன் வாகு பிடிபட்டுவிட்டது. அழகாக ஒரு எட்டுப் போட்டு, கொண்டுவந்து அப்பா பக்கத்தில் நிறுத்தினாள்.

"அப்பா, அவரு சொன்னது அப்படியே நெசம்."

"அது சரி. வண்டி இவருக்குச் சொந்தம்தானான்னு எப்படித் தெரியும்?"

"இந்த வண்டிய எவன்ப்பா வாடகைக்கு எடுப்பான்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். போனில் கேட்ட அதே சிரிப்பு. இந்தத் தடவை குணசீலனைப் பார்த்தே சிரித்தாள். அவனுக்கு நாலு எலுமிச்சை மூட்டையை ஒற்றைக் கையில் தூக்கிவிடலாம் போல இருந்தது.

ஆதிமூலம் பழைய டயரில் உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சரி, வந்ததற்கு ஒரு டீ குடிப்போம் என்றார். பேச்சிமுத்து டீ போட்டார். தட்டில் டீயும் வடையும் ஏந்திக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் வந்து கொடுத்தது மாப்பிள்ளைதான். இசக்கிப்பிரியா அவனை மேலும் கீழும் நன்றாகப் பார்த்துவிட்டு ஒரு வடையை எடுத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஜீவரத்தினத்தால் எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்?

"எல்லாம் என் ஏற்பாடுதான் தாயி" என்றார். "மாப்பிள தேடிப் போறதெல்லாம் பழைய காலம். பொண்ணு தேடி வரணும்னு கணக்குப் பண்ணித்தான் அந்தப் பாக்ஸப் போட்டேன். நான் முறுக்குன முறுக்குல வாசுதேவநல்லூர் ரோடே இந்தப் பக்கம் திரும்பிட்டு. நீ சும்மா ஸ்கூட்டர்ல ஒக்காந்திருந்தாலும் இங்கதான் வந்து நின்னிருப்ப. இன்னைக்கு இந்த ஜில்லாவுல வேற ஊருக்குப் பொண்ணு பாக்கப் போனவன் பூராப் பேரும் இப்ப வீட்டுல ஒக்காந்திருப்பான், பொண்ணு வாசல்ல நிக்கும், பாத்துக்க."

இசக்கிப்பிரியா நிதானமாக டீயைக் குடித்து முடித்தாள். கிளாஸைப் பேச்சிமுத்துவிடம் நீட்டினாள்.

"அண்ணாச்சி, பழைய பாக்ஸையே சரி பண்ணி மாட்டிருங்க. அதுவர இவரு என் ஸ்கூட்டர்ல எங்க வீட்டுக்கு வரட்டும், அப்பா இவரு அம்மாவக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுல வருவாவ. ஆனா ஒண்ணு, இந்தத் தடவ ஸ்பேனரு மட்டும் வேல பாக்கட்டும்."