மதிய ஊசி

துர்கேஸ்வரியின் வயிற்றில் கை வைத்ததும் டாக்டர் வான்மதிக்குத் திக்கென்றது. கல்லீரல் வீங்கி, விலா எலும்புக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தது. பதினோரு வயதுப் பெண். பார்த்தால் எட்டுதான் சொல்லலாம். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். வேளைக்கு வேளை இன்சுலின் ஊசி.

பரிசோதனைகளில் வேறு கல்லீரல் நோய் எதுவும் தெரியவில்லை. வான்மதி சிறுமியையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தன் ஆசிரியர் டாக்டர் எஸ்தரிடம் போனாள்.

“மேடம், கல்லீரலுக்கு என்ன மருந்து எழுதட்டும்?”

எஸ்தர் சிறுமியிடம் திரும்பினார். “மதிய ஊசியை எங்கம்மா போட்டுக்கிற?”

துர்கேஸ்வரி தன் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். “போடுறதில்ல டாக்டர். கிளாஸ்ல போட்டா பிள்ளைங்க அலறுதுங்க. பாத்ரூம்ல போடச் சொன்னாங்க. அங்க நாத்தம்.”

அம்மாவுக்கு இது புதுச் செய்தி. “அதான் சாயங்காலம் சர்க்கரை எகிறிக் கெடக்கா? நான் பாட்டுக்கு இன்சுலினைக் கூட்டிக் கூட்டிப் போட்டேனே.”

“அந்தச் சர்க்கரைதான் கல்லீரல்ல போய் அடைஞ்சிருக்கு,” என்றார் எஸ்தர். “வான்மதி, நாளைக்கு மதியம் ஸ்கூலுக்குப் போறோம்.”

தலைமையாசிரியை கறாராகச் சொன்னார். “மத்த பெத்தவங்க சண்டைக்கு வர்றாங்க. ஸ்கூலுக்குள்ள ஊசி வேண்டாம்.”

“சரி. கேட்டுக்கு வெளியில நின்னு போட்டுக்கட்டும். நான் தினமும் வர்றேன்.”

சொன்னபடி வந்தார். வான்மதியும் கூட நின்றாள். மண்டை பிளக்கும் வெயில். வார்டில் அத்தனை வேலை கிடக்க இது தேவையா என்று அவளுக்கு உள்ளுக்குள் எரிச்சல். எஸ்தர் ஒரு நாளும் தவறவில்லை.

ஒரு நாள் தலைமையாசிரியையே கேட் வரை வந்தார். துர்கேஸ்வரி சட்டையை லேசாகத் தூக்கி, தானே குத்திக்கொண்டு, ஊசியை மூடி வைத்தாள்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான் மிஸ்.”

தலைமையாசிரியை கேட்டை அகலத் திறந்தார். “நாளையிலேர்ந்து என் ரூமுக்கு வா. போட்டுக்கிட்டு அங்கேயே சாப்பிடு.”

சில மாதங்கள் கழித்து, ஒரு மதிய வேளையில், வான்மதி மறுபடி அந்த வயிற்றை அழுத்திப் பார்த்தாள். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“மேடம், அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் கடைசி வரைக்கும் ஒத்துக்காமலே இருந்திருந்தா?”

எஸ்தர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: “இந்நேரம் நாம கேட் வாசல்ல நின்னுக்கிட்டிருப்போம்.”