நடுப்பாதையில் ஒரு படம்

குழந்தைவேலு பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு. அவருடைய குரு சிவப்பிரகாச அடிகளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இருவரும் ஒரு கடற்கரை நகரத்துக்குப் போனபோது, அங்கிருந்த பழைய கத்தோலிக்கப் பேராலயத்தைச் சுற்றிப் பார்க்க நுழைந்தார்கள்.

அடிகள் ஒரு தூணோரம் உட்கார்ந்துவிட்டார். குழந்தைவேலு வளைவுகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் கைப்பேசியில் எடுத்துத் தள்ளினார். பீடத்தை மட்டும் ஆளே இல்லாமல் எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. ஆசை யாரை விட்டது?

நடுப்பாதையில் ஒரு பெண்மணி பீடத்தை நோக்கி முழந்தாளால் நகர்ந்துகொண்டிருந்தார். முக்கால் தூரம் வந்துவிட்டார்.

“அம்மா, கொஞ்சம் எந்திரிச்சுத் தள்ளி நில்லுங்க. ஒரே ஒரு படம்.”

வேலையாட்களை அதட்டிப் பழகிய குரல். அந்தப் பெண்மணி திடுக்கிட்டு எழுந்து ஒதுங்கினார். படம் எடுத்தாயிற்று. அந்தப் பெண்மணியோ வாசலைப் பார்த்து நடந்தார்.

“ஏம்மா, அந்தப் பக்கம் போறீங்க?”

“எந்திரிச்சிட்டேனேய்யா. நேர்ச்சைன்னு வேண்டிக்கிட்டு நடுவுல எந்திரிச்சா மறுபடி வாசல்ல இருந்துதான் வரணும். பதினோரு மணிக்கு எங்க வீட்டுக்காரரை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போறாங்க. அதுக்குள்ள பீடத்துக்குப் போயிரணும்.”

அப்போது மணி பத்தே முக்கால்.

“விட்ட இடத்துல இருந்தே போங்கம்மா. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

வாசலில் சுற்றுலாக் கூட்டம் ஒன்று திபுதிபுவென்று உள்ளே வந்துகொண்டிருந்தது. குழந்தைவேலுவை வெட்கம் பிடுங்கித் தின்றது. அடிகளிடம் ஓடினார்.

“சாமி, பெரிய தப்புப் பண்ணிட்டேன். இதுக்கு என்ன பரிகாரம்?”

அடிகள் எழுந்து மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசலில் மறுபடி முழந்தாளிட்ட அந்தப் பெண்மணிக்கு முன்னால் நடந்தார்.

“கொஞ்சம் வழி விடுங்க... வழி விடுங்க...”

காவி வேட்டியைக் கண்டு கூட்டம் விழித்தது, பிறகு ஒதுங்கியது. குழந்தைவேலுவும் போய் மறுபக்கம் கைகளை விரித்துக்கொண்டு நடந்தார். கைப்பேசி எங்கே போனதென்று அவருக்கே தெரியாது. பாதி வழியில் அந்தப் பெண்மணியின் சேலை முழங்காலில் கிழிந்தது. அவர் நிற்கவில்லை.

பீடத்தின் படியில் அவர் நெற்றியை வைத்தபோது, பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சாமி, கடவுள் என்னை மன்னிச்சிருப்பாரா?”

“அதை அப்புறம் பேசிக்கலாம், ஐயா. அந்த அம்மாவால எந்திரிக்க முடியல. போய்த் தோள் கொடுங்க.”